ஓய்வுப் பணம் வந்ததும் எங்களை உட்காரவைத்துப் பேசும் வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளை மேலாளர்களுக்கும், முதலீட்டு ஆலோசனை சொல்ல உங்கள் கிளைகளில் தனி மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்கு மாதா மாதம் டார்கெட் வைத்து அனுப்பும் மேலிடத்தாருக்கும்,

நேற்று சாயங்காலம் என் மச்சினர் ஒரு நீலக் கவரோடு வீட்டுக்கு வந்தார். அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து, 60 முடிந்து, இப்போதுதான் ஓய்வு பெற்றவர். பிராவிடண்ட் ஃபண்ட், கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் (பென்ஷனில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) எல்லாம் சேர்த்து 42 லட்சம் அவர் கணக்கில் ஏறியிருக்கிறது. ஏறிய மறுநாளே கிளையிலிருந்து போன். "சார், சும்மா ஒரு காபி சாப்பிட்டுட்டுப் போங்க." போனவர் திரும்பி வரும்போது வருடத்துக்கு 6 லட்சம் வீதம் 7 வருடம் கட்டவேண்டிய ஒரு ஆயுள் காப்பீட்டு பாலிசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். அவரிடம் கேட்டால், "6 லட்சத்தை ஏழு வருஷ டெபாசிட்டுல போட்டிருக்கேன் அத்தான்" என்கிறார். ஏழு ஆறு நாற்பத்திரண்டு. கையில் வந்த மொத்தப் பணமும் அவ்வளவுதான். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு அறிவியலும் கணக்கும் சொல்லிக்கொடுத்த மனிதருக்கு அந்தக் கணக்கு கண்ணில் படாதபடி பேச ஒருவரால் முடிந்திருக்கிறது என்பதை நினைத்து ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் எனக்கு அந்தக் கவரைத் தெரியும். 2020-ல் என் பீரோவுக்குள் போனது பச்சைக் கவர், அவ்வளவுதான் வித்தியாசம். என் மனைவி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து உள்ளே வைத்தாள்.

என் கதையைச் சொல்கிறேன். வங்கியின் பெயரையோ அதிகாரிகளின் பெயரையோ எழுதப்போவதில்லை. இது ஒரு கிளையில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை என்று என்னோடு வேலை பார்த்த பலர் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

நான் 1987-ல் தொலைபேசித் துறையில் சேர்ந்தவன். ஐப்பசி கார்த்திகை மழையில் ரோட்டோரம் தோண்டிய குழிக்குள் இறங்கி, தண்ணீரை வாளியால் இறைத்துவிட்டு, கேபிளில் நூற்றுக்கணக்கான ஜோடிக் கம்பிகளை நிறம் பார்த்துப் பார்த்துச் சேர்ப்பதுதான் வேலை. துறை 2000 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். ஆனது, நாங்களும் அப்படியே அதற்குள் போனோம். 2019 கடைசியில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல் ஒரே நாளில், 2020 ஜனவரி 31-ல், வெளியே வந்தோம். எனக்கு அப்போது 56 வயது. பென்ஷன் உண்டு, எனக்குப் பிறகு மனைவிக்குக் குடும்ப பென்ஷன் உண்டு. மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, இளையவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆயுள் காப்பீடு என்பது நான் செத்தால் தெருவில் நிற்கக்கூடிய ஆட்கள் எனக்கு இருந்தால்தானே தேவை? அப்படி யாரும் இல்லை. இதை அன்றைக்கு என்னிடம் ஒருவர் கேட்டிருந்தாலே போதும்.

விருப்ப ஓய்வுக்கு எழுதிக்கொடுத்தபோது எனக்குள் இருந்த விருப்பம் என்ன என்பதையும் சொல்லவேண்டும். என் அப்பா வில்லுப்பாட்டில் பின்பாட்டுப் பாடியவர். நான் சின்னப் பையனாக இருந்தபோது பங்குனி சித்திரையில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, எந்த ஊர் போனாலும் என்னையும் கூட்டிப் போவார். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை கதை ஓடும். வில்லில் கட்டிய மணிகள் குலுங்குவதும், கமுகம்பாளையால் குடத்தின் வாயில் அடிக்கும்போது வயிற்றுக்குள் 'தும்' என்று இறங்குகிற அந்தச் சத்தமும் இன்றைக்கும் எனக்குக் கேட்கும். 14 வயதிலிருந்து நானும் உட்கார்ந்து பாடினேன். 23-ல் வேலை கிடைத்தது, விட்டுவிட்டேன். மழைக்காலத்தில் லைன் போனால் கூப்பிடுவார்கள், திருவிழா என்றால் எக்ஸ்சேஞ்சில் டூட்டி போடுவார்கள், ராத்திரி முழுக்கப் பாடுவதற்கு எங்கே போக? அப்பாவும் போய்ச் சேர்ந்தார். அப்பா பாடிய குழுவின் அண்ணாவி, அதாவது தலைமைப் பாட்டுக்காரர், மட்டும் இருந்தார். எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி, எழுபத்தைந்தைத் தாண்டியவர், குரல் மட்டும் அப்படியே இருந்தது. எங்கள் பக்கத்து அம்மன் கதையை முழு ராத்திரிக்கும் மனப்பாடமாகப் பாடத் தெரிந்த ஆள் அந்தச் சுற்று வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். பாதி நோட்டில் இருக்கும், மீதி அவர் வாயில் இருக்கும்.

ஓய்வு பெறுவதற்கு முன்னாலேயே என் டைரியில் ஒரு கணக்கு எழுதி வைத்திருந்தேன். மொத்தம் 33 லட்சம் வரும். அதில் வீட்டுக் கடன் பாக்கி 6. அஞ்சலகத்திலோ எதிலோ வட்டிக்கு 15. ஆஸ்பத்திரிக்கென்று தொடாமல் வைக்க 5. இளையவள் கல்யாணத்துக்கு 4. கடைசி வரியில் 'வில்லு - 3'. புது வில், மணிகள், குடம், உடுக்கு, ஒரு மைக் செட், அண்ணாவிக்கு மாதம் பத்தாயிரம் வீதம் ஒரு வருடச் சம்பளம், கூடப் படிக்க வரும் நாலு பையன்களுக்கு பஸ் காசு, டீச் செலவு, கதை முழுவதையும் ஒழுங்காகப் பதிவு செய்ய ஒரு ஆள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த மூன்று லட்சத்துக்குள் அடங்கியது. இதை அசட்டுத்தனமான செலவு என்று இன்றுவரை நான் நினைக்கவில்லை.

பணத்தின் முதல் பகுதி வந்ததும் கிளையிலிருந்து கூப்பிட்டார்கள். அந்த டைரியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன், பெரிய படிப்புப் படித்தவர்கள் சரிபார்த்துச் சொல்லட்டும் என்று. மேலாளர் நல்ல மரியாதையாகத்தான் பேசினார். டைரியை வாங்கிப் பார்த்தார். கடைசி வரியைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, "இது எதுக்கு சார்? இது செலவுல்லா, முதலீடு இல்லையே. இந்த வயசுல ஒரு ரூபாகூட வீணாகக் கூடாது" என்றார். அந்த நீல மை வட்டம் இன்னும் டைரியில் இருக்கிறது. அஞ்சலக சேமிப்பைப் பற்றிக் கேட்டேன். "சீனியர் சிட்டிசன் திட்டம் 60 ஆனாத்தான் சார், உங்களுக்குத் தரமாட்டாங்க" என்றார்.

இது தவறு. விருப்ப ஓய்வில் வந்தவர்கள் 55 வயது முடிந்திருந்தாலே மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம் என்று அன்றைக்கே விதி இருந்தது, ஓய்வுப் பணம் கைக்கு வந்து ஒரு மாதத்துக்குள் போடவேண்டும், அவ்வளவுதான். (இப்போது அது மூன்று மாதம்.) அன்றைய உச்ச வரம்பு 15 லட்சம், நான் டைரியில் எழுதிய அதே 15. ஏப்ரலில் வட்டி குறைந்த பிறகுகூட 7.4 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 27,750 ரூபாய் என் கைக்கு வந்திருக்கும். அண்ணாவியின் சம்பளத்தில் பெரும்பகுதி வட்டியிலேயே போயிருக்கும், போட்ட முதலில் கைவைக்க வேண்டியிருக்காது. இன்னொன்றும் அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கணக்கைத் தொடங்க அஞ்சலகத்துக்குப் போகவேண்டிய அவசியம்கூட இல்லை, வங்கிகளிலேயே தொடங்கலாம். எந்தக் கவுன்டருக்கு எதிரே நான் உட்கார்ந்திருந்தேனோ அதிலேயே தொடங்கியிருக்கலாம்.

அதற்குப் பதில் எனக்குக் கிடைத்தது "அஞ்சு வருஷம் சார், அப்புறம் வாழ்நாள் பூரா வருமானம்" என்ற ஒரு வரி. ஐந்து வருடம் என்று அவர் சொன்னது பணம் கட்டவேண்டிய காலத்தை. நான் புரிந்துகொண்டது டெபாசிட் முதிரும் காலத்தை. விண்ணப்பத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு போன் வரும், எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார்கள். வந்தது. வேக வேகமாக ஒரு பெண் கேட்டது, நான் ஏழெட்டு முறை ஆமாம் சொன்னேன். பிறகு ஊரடங்கு. தபாலில் வந்த பத்திரத்தைப் படித்துப் பார்த்து, வேண்டாம் என்றால் 15 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று அதிலேயே அச்சடித்திருந்திருக்கிறது. நான் படிக்கவில்லை. இருபது முப்பது பக்கம், பொடி எழுத்து, முழுக்க இங்கிலீஷ். அது என் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன்தான் இவன் என்று தெரிந்தே பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தவர்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

அடுத்த வருடம் செல்லுக்குச் செய்தி வந்தது, பிரீமியம் 5 லட்சம் செலுத்தவேண்டிய தேதி என்று. ஓடினேன். பழைய மேலாளர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் கணினியைப் பார்த்துவிட்டு, "கட்டாட்டி போன வருஷம் கட்டின அஞ்சும் போயிரும் சார்" என்றார். அன்றைய விதிப்படி அது உண்மைதான். ஒரு வருடம் மட்டும் கட்டி நிறுத்தினால் ஒன்றும் கிடையாது, இரண்டு கட்டினால் கட்டியதில் முப்பது சதவீதம் கிடைத்தால் உண்டு. 2024 அக்டோபரிலிருந்து எடுத்த பாலிசிகளுக்கு அந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள், எனக்கு அது உதவாது. ஆக ஐந்து வருடமும் கட்டினேன். 33-ல் 25 அங்கே போனது, வீட்டுக் கடனுக்கு 6 போனது. மிச்சம் இருந்தது 2. ஆஸ்பத்திரிக்கு என்று அதைத் தொடாமல் வைத்தோம். இளையவள் தன் கல்யாணத்துக்குத் தானே கடன் வாங்கினாள். அவள்தான் ஒருநாள் கணினியில் போட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக நடந்தாலும் இதில் வருடத்துக்கு ஏறக்குறைய ஐந்து சதவீதம்தான் தேறும் அப்பா என்று சொன்னாள். வருமானம் என்று ஒன்று தொடங்குவதே 2028-ல்தான்.

அந்தப் பத்திரத்தின் நகலில் என் தொழில் என்ன என்று எழுதியிருந்தது தெரியுமா? விவசாயம். ஆண்டு வருமானம் 12 லட்சம். எனக்குச் சொந்தமாக வீட்டு வாசலில் இருக்கிற முருங்கை மரத்தைத் தவிர நிலம் கிடையாது.

சரி, பணக் கணக்கு இவ்வளவுதான். பணத்தை மட்டும் இழந்திருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்கமாட்டேன்.

அண்ணாவியைப் பார்க்க 2020 ஆகஸ்டில் போனேன். அந்த வருடம் கொடையே கிடையாது, கோயில் எல்லாம் பூட்டு, கையில் ஒரு பைசா வரும்படி இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வில்லை நிறுத்த இடம் இல்லாமல் கட்டிலின் கால்மாட்டில் சாய்த்து வைத்திருந்தார், நாண் தொய்ந்து கிடந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, நாணில் அடிக்கும் வீசுகோலை என் கையில் கொடுத்து, மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் காட்டினார். முப்பது வருடம் கேபிளை முறுக்கிய கை எனக்கு, இறுக்கிப் பிடித்திருந்தேன். "விடு, விடு, அது உன்னை விட்டு எங்க போகுது, தளர்வாப் பிடி" என்றார். ஒரு மணி நேரம் இருந்தேன். கிளம்பும்போது கேட்டார், "தம்பி, ரிட்டயர் ஆயாச்சுல்லா, இன்னும் என்ன யோசனை? எப்ப வாரே?" இரண்டாவது தவணைப் பணம் வரட்டும் அண்ணாவி, அடுத்த வருடம் தொடங்கிவிடலாம் என்றேன். அடுத்த வருடம் அந்தப் பிரீமியம் செய்தி வந்தது. போய்ச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு அவர் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தேன். 2021 மே மாதம், இரண்டாம் அலையில், அவர் போய்விட்டார். தூக்கவும் நாலு பேர்தான் விட்டார்கள்.

அவர் பேரன் செல்லில் எடுத்தது நாற்பது நிமிடம் இருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்கப் பாடவேண்டிய கதையில் நாற்பது நிமிடம். நோட்டை வாங்கி வந்து வைத்திருக்கிறேன். பாதி இடங்களில் முதல் வரி மட்டும் எழுதி ஒரு கோடு போட்டிருக்கிறார், மீதிதான் அவருக்குத் தெரியுமே என்று. அந்தக் கோட்டுக்கு அப்புறம் என்ன என்று கேட்க இப்போது ஆள் இல்லை.

என் மனைவிக்கும் ஒரு ஆசை இருந்தது. இருபது வருடம் தையல் மிஷின் மிதித்து வீட்டுக்கு ஒத்தாசை செய்தவள், காசி, கயா எல்லாம் ஒருமுறை போய்வரவேண்டும் என்று மட்டும் சொல்லுவாள். பாரத் கௌரவ் சுற்றுலா ரயில் எங்கள் பக்கத்திலிருந்தே கிளம்புகிறது என்று தெரிந்தபோது நாலாவது பிரீமியம் கட்டவேண்டியிருந்தது. அடுத்த வருடம் போகலாம் என்றோம். அந்த அடுத்த வருடத்துக்குள் முழங்கால் தேய்ந்துபோய், இப்போது மாடிப்படி ஏற இரண்டு பேர் வேண்டும். அன்றைக்கு வங்கியில் அவளும்தான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாமினி என்று கையெழுத்து வாங்கினார்கள். உங்களுக்கு என்ன வேண்டும் அம்மா என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் கேட்கவில்லை.

மேலாளர்களே, என்னை ஊதாரி என்று நினைத்துவிடாதீர்கள். என்னோடு வெளியே வந்தவர்களில் ஒருவர் வந்த பணம் முழுவதையும் மகனுடைய கடைக்குக் கொடுத்துவிட்டு இப்போது ஏ.டி.எம். வாசலில் இரவுக் காவல் பார்க்கிறார். இன்னொருவர் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்று சொன்ன ஒரு இடத்தில் போட்டு, அதைப் பூட்டிவிட்டுப் போன பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் நடக்கிறார். ஓய்வுப் பணத்தைப் பற்றிப் பயப்படத்தான் வேண்டும். பணவீக்கம், ஆஸ்பத்திரி, பிள்ளைகள் பார்க்காமல் போவது, 85 வயதுவரை உயிரோடு இருந்துவிடுவது என்று நீங்கள் சொல்லுகிற ஒவ்வொரு பயமும் நியாயமான பயம். அந்தப் பயத்தோடுதான் உங்கள் வாசலுக்கு வருகிறோம். பாதுகாப்பாக வைக்க வழி சொல்லுங்கள் என்று கேட்டு வருகிறவரிடம், அவர் பயத்தைக் கொண்டே அவருக்குத் தேவையில்லாத ஒன்றை விற்கிறீர்கள். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

உங்கள் திட்டத்தில் நான் 85 வயதில் பட்டினி கிடக்கமாட்டேன் என்று மட்டும் இருக்கிறது, 56-லிருந்து 66 வரை நான் என்ன செய்யப்போகிறேன் என்று இல்லை. கால் நன்றாக இருக்கிற, மூச்சு வாங்காத, குரல் உடையாத வருடங்கள் எங்களுக்கு எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து நாலு மணி நேரம் தம் பிடித்துப் பாட எனக்கு 56-ல் முடிந்திருக்கும். 62-ல் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை, பாடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுகிறேன். 2028-ல் உங்கள் பாலிசியிலிருந்து பணம் வரும்போது எனக்கு எவ்வளவு குரல் மிச்சம் இருக்கும் என்று எனக்கே தெரியாது. அந்த மூன்று லட்சத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மீதி முப்பதை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று யோசித்திருந்தால் அதுதான் ஆலோசனை. டைரியில் 15-ம் 5-ம் இருந்தது உங்கள் கண்ணில் பட்டது, 3 மட்டும் வீண் என்று பட்டது. அந்த முப்பது லட்சத்தை நான் சேர்த்ததே அந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான்.

உங்கள் ஊழியர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். மூன்றாவது பிரீமியம் கட்டப் போனபோது கவுன்டரில் இருந்த ஒரு சின்னப் பெண், என் இளைய மகள் வயது இருக்கும், படிவத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு இது வேண்டாத பாலிசி அங்கிள், ஆனா இப்ப நிறுத்தினா இன்னும் நஷ்டம்" என்று சொன்னாள். மாதக் கடைசியில் டார்கெட் முடியாவிட்டால் எல்லோருக்கும் முன்னால் காணொளிக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்பார்களாம். சொல்லும்போது அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. அதனால் இந்த மடலின் பாதி மேலிடத்துக்குத்தான். டெபாசிட் வாங்கிக் கடன் கொடுக்கிற வங்கி, காப்பீட்டு நிறுவனத்துக்கு ஏஜெண்டாகவும் இருந்துகொண்டு, எந்த வாடிக்கையாளர் கணக்கில் எப்போது பெரிய தொகை ஏறுகிறது என்பதையும் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? 2024 நவம்பரில் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமனே வங்கிகள் தேவையில்லாத காப்பீட்டை மக்கள் தலையில் கட்டுவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார், வங்கி வேலையைப் பாருங்கள் என்று சொன்னார். அதற்கு அப்புறம்தான், அந்த 33-ல் சேராமல் தள்ளிவைத்திருந்த கிராஜுவிட்டிப் பணம் எனக்குப் போன வருடம் வந்தது. பணம் ஏறிய அன்றைக்கே மத்தியானம் கிளையிலிருந்து போன். "சார், ஒரு நல்ல திட்டம் வந்திருக்கு." நான் எடுத்துப் பேசாமல் வைத்துவிட்டேன்.

அந்தப் பணத்தில்தான் வில் வாங்கினேன். இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று பையன்களும் ஒரு பெண் பிள்ளையும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அண்ணாவியின் நாற்பது நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுத்தான் நடத்துகிறேன்.

இனி நான் கேட்பவை. இதில் எதற்கும் சட்டம் மாறவேண்டியதில்லை, நீங்கள் மனது வைத்தால் போதும்.

ஓய்வுப் பணம் கணக்கில் ஏறிய நாளிலிருந்து 90 நாள் அந்த வாடிக்கையாளருக்கு எந்தக் காப்பீட்டுப் பாலிசியும் விற்காதீர்கள், போன் செய்து கூப்பிடாதீர்கள். பணம் சேமிப்புக் கணக்கிலோ குறுகிய டெபாசிட்டிலோ கிடக்கட்டும், யாரும் ஏழையாகிவிடமாட்டோம். 55-ஐத் தாண்டியவர்களுக்கு விற்பதை ஊழியர்களின் டார்கெட் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இதைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும், அந்தச் சின்னப் பெண்ணும் நிம்மதியாக வேலை பார்க்கும்.

அப்படி ஒருவர் ஆலோசனை கேட்டு வந்தால் முதலில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைச் சொல்லுங்கள். இன்றைக்கு அதில் 30 லட்சம் வரை போடலாம், வட்டி 8.2 சதவீதம், முழுதாகப் போட்டால் மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய் வரும், அவசரம் என்றால் ஒரு வருடத்துக்குப் பிறகு சிறிய பிடித்தத்தோடு எடுத்துக்கொள்ளலாம். இதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். அதற்கு அப்புறமும் காப்பீடுதான் வேண்டும் என்று அவரே கேட்டால், எத்தனை வருடம் கட்டவேண்டும், மொத்தம் எவ்வளவு, நடுவில் நிறுத்தினால் எவ்வளவு போகும், முதல் ரூபாய் எந்த வருடம் கைக்கு வரும் என்ற நாலையும் வாடிக்கையாளரே தன் கையால் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். எழுதும்போதே அவருக்குப் புரிந்துவிடும். உறுதி செய்யும் போன் வரும்போது ஆமாம் மட்டும் சொல்லுங்கள் என்று எந்த ஊழியரும் சொல்லக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள்.

உங்கள் ஆலோசனைப் படிவத்தில் 'அடுத்த ஐந்து வருடத்தில் நீங்கள் செய்ய ஆசைப்படுவது என்ன, அதற்கு எவ்வளவு வேண்டும்' என்று ஒரு கேள்வி சேருங்கள். கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். அந்தத் தொகையை எடுத்து வைத்த பிறகு மீதிக்கு மட்டும் திட்டம் போடுங்கள். யாத்திரையோ, பாட்டோ, தோட்டமோ, படிக்காமல் விட்ட ஒரு டிகிரியோ எதுவாகவும் இருக்கட்டும், அதன்மேல் வட்டம் போடாதீர்கள்.

என் பாலிசியைப் பொறுத்தவரை, என் புகாருக்கு நீங்கள் தந்த பதில் 'தாங்கள் கையெழுத்திட்டுள்ளீர்கள்' என்ற ஒரு வரி. 2020-ல் பதிவான அந்த உறுதிப்படுத்தும் போன் பேச்சை எனக்குப் போட்டுக் காட்டுங்கள். என் தொழில் விவசாயம் என்றும் வருமானம் 12 லட்சம் என்றும் எழுதியது யார் என்று எழுத்தில் சொல்லுங்கள். அதைச் சொன்ன பிறகு என் பணத்தைப் பற்றிப் பேசலாம்.

கடைசியாக என் மச்சினர் விஷயம். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்து நேற்றோடு பன்னிரண்டு நாள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க இப்போது விதிப்படி 30 நாள் இருக்கிறது. போன வாரம் விவரம் கேட்க அவர் வந்தபோது மேலாளர் லீவு என்றீர்கள், முந்தாநாள் வந்தபோது சிஸ்டம் வேலை செய்யவில்லை என்றீர்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு நேற்று ராத்திரியே மின்னஞ்சல் அனுப்பிவிட்டோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு நிலாவையும் சனிக்கிரகத்தையும் காட்ட ஒரு நல்ல தொலைநோக்கி வாங்கி ஊர் ஊராகக் கொண்டுபோகவேண்டும் என்பது அவருடைய பத்து வருட ஆசை. ஒரு லட்சத்துக்குள் முடிகிற காரியம், இந்த மாதமே வாங்கப்போகிறோம். புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு ரத்துக் கடிதம் இரண்டு பிரதியோடு அவரும் நானும் கிளைக்கு வருகிறோம். ஒன்றை வாங்கிக்கொண்டு, இன்னொன்றில் தேதி போட்டு முத்திரை வைத்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பச்சைக் கவர்க்காரன்,
திருநெல்வேலி மாவட்டம்